பவர்பத்தல அண்ணனின் பவர் ஆம்ப்

தமிழ்நாடே கரண்ட் கட்டில் வெந்துகொண்டிருந்த வருஷங்களில், மின்சாரம் தயாரிக்கிற ஊரில், நிற்காத ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, "பவர் பத்தல" என்று புலம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு வாய் இருந்தால் என்னைவிட அதிகமாக அழுதிருக்கும்.

2012 வாக்கில் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டில் ரெண்டு நாள் ஃபேன் காற்று வாங்கிவிட்டுப் போனார்கள். "ஒங்க ஊர்ல கரண்டே போகாதாமே" என்று சுவிட்சைத் தொட்டுக் கும்பிடாத குறை. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டிலிருந்து, "பவர் பத்தல, பவர் பத்தல" என்று குரல் வரும். வந்தவர்கள் பயந்துபோய் ஃபேனை அண்ணாந்து பார்ப்பார்கள்.

நெய்வேலியில் சொந்தப் பெயர் என்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான். எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்த ஊர். ஒரே செக்‌ஷனில் ஏழு செல்வராஜ், ஐந்து ராஜேந்திரன் இருப்பார்கள். அதனால் வேலையில் சேர்ந்த மூன்றாம் நாளே ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். வைத்தால் வைத்ததுதான், ரிட்டயர்மென்ட் மாலை விழுகிறவரை இறங்காது. எங்கள் எதிர் வீட்டுக்காரர் கேன்டீனில் ஒரே ஒரு தரம், "வடை சின்னதாயிடுச்சே" என்று சொல்லிவிட்டார். அந்தப் பாவத்துக்கு முப்பது வருஷமாக அவர் 'வடை'. அவர் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மண்டப வாசலில் நின்று, "வடை வூட்டுக் கல்யாணம் இதானுங்களே?" என்று மாப்பிள்ளையின் அப்பாவையே கேட்டார்கள்.

அடுத்த வீட்டு அண்ணனுக்கு வைத்த பெயர் 'பவர்பத்தல'. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டின் டிரைவ் ஹெட்டில் ஃபோர்மேன். டிரைவ் ஹெட் என்றால் பெல்ட்டை இழுக்கிற பெரிய மோட்டார்கள் இருக்கும் இடம். அங்கே காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். அண்ணன் அதில் புலி. ஐம்பது அடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் தன்னைத் திட்டினால், இங்கிருந்தே படித்துவிட்டுப் பதிலுக்குத் திட்டுவார்.

அவர் வீட்டில் ஒரு ஹோம் தியேட்டர் இருந்தது. ஒரு ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், முக்காலி மாதிரி ஒரு சப்வூஃபர். 'பவர் பத்தல' என்பதை முதலில் அந்த ஸ்பீக்கர்களைப் பார்த்துத்தான் சொல்ல ஆரம்பித்தார். பிறகு வாய் பழகிவிட்டது. டீக்கடையில் ஒரு வாய் குடித்துவிட்டு பவர் பத்தல என்பார். மழை பெய்தால் பவர் பத்தல. யூனியன் தலைவர் தொண்டை கிழியப் பேசிவிட்டு இறங்கினால், "ஆளு நல்ல ஆளு, பவர்தான் பத்தல." என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தை வார்டு இடிகிற மாதிரி அழுதது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் ஏத்தணும்" என்றார்.

டப்பிங் படம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "டப்பிங்ல பவர் சுத்தமா பத்தாது தம்பி, ஒண்ணுமே வெளங்காது" என்பார். ஏன் அப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவர் மனைவி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது; புருஷனும் அப்படித்தான். கண்டிப்பானவர். பையன்கள் பாடம் ஒப்பிக்கும்போது, "சத்தமாச் சொல்லு, இன்னும் சத்தமாச் சொல்லு" என்று மூன்று தரம் சொல்ல வைப்பார். அந்தப் பயிற்சியில் எங்கள் டவுன்ஷிப் பிள்ளைகள் பாதிப் பேர் மேடைப் பேச்சாளர்கள் ஆகிவிட்டார்கள்.

கல்யாணமான முதல் வாரத்திலிருந்து இருவருக்கும் ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பார்கள். அண்ணனுக்கு அன்று ஷிப்ட் விழுந்தால் யாரிடமாவது மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். மூன்று மணிக்கு எங்கள் சுவர் அதிரும். மைன்ஸில் வெடி வைத்தால் அதிர்வதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதிர்ந்தால் அது அண்ணன் என்று தெரிந்துகொள்வோம். சுவரில் மாட்டியிருந்த என் முகம் பார்க்கும் கண்ணாடியை அந்த மூன்று மணிநேரமும் கழற்றிக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவேன்.

இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் டீச்சர் குரல் வரும். "என்ன சொன்னான்?"

அண்ணன் வசனத்தைத் திருப்பிச் சொல்வார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும், "என்ன சொன்னான்?" ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து தரமாவது வரும். போகப் போக, இடைவேளை வருவதற்குள்ளேயே டீச்சர் எழுந்து சமையல்கட்டுக்குப் போக ஆரம்பித்தார். அண்ணனைத் தின்றது அதுதான்.

"தம்பி, சிஸ்டத்துல டயலாக் தெளிவா இல்ல. அதான் டீச்சர் எழுந்து போயிடறாங்க" என்று டீக்கடையில் சொன்னார். "ஒரு படம். ஒரே ஒரு படத்த டீச்சர் முழுசா உக்காந்து பாக்கணும். நடுவுல ஒரு தடவகூட இன்னா சொன்னான்னு கேக்கக் கூடாது. அதான் டார்கெட்டு."

மைன்ஸ்காரர் டார்கெட் என்று சொல்லிவிட்டால் அப்புறம் மண்ணும் மலையும் நகர்ந்துதான் ஆக வேண்டும்.

முதல் காரியமாக டவுன்ஷிப் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் ஆபீஸுக்குப் போய், புகார் ரெஜிஸ்டரில் "வீட்டில் பவர் பத்தவில்லை" என்று எழுதிவிட்டு வந்தார். கரண்டைப் பற்றி அப்படி ஒரு புகார் அந்த ரெஜிஸ்டரில் அதுவரை வந்ததே இல்லையாம். ஊர் மானமே போயிற்று என்று இரண்டு பேர் ஏணியோடு ஓடி வந்தார்கள். வயரைத் தொட்டு, மீட்டரை வைத்து, பியூஸைப் பிடுங்கிப் பார்த்தார்கள்.

"சார், வோல்டேஜ் கரெக்டா இருக்குதுங்க."

"வோல்டேஜ் இருக்குதுங்க. பவர் பத்தல. உக்காருங்க, காட்றேன்."

உட்கார வைத்து ஒரு கோர்ட் சீனைப் போட்டார். இரண்டு பேரும் சீன் முடிகிறவரை பார்த்துவிட்டு, காப்பியும் குடித்துவிட்டு, ஆபீஸுக்குத் திரும்பிப் போய் ரெஜிஸ்டரில் எழுதி வைத்தார்கள். நான் வேலை பார்த்தது டவுன்ஷிப் அலுவலகத்தில். அந்தப் பக்கத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். "வோல்டேஜ் சரியாக உள்ளது. வக்கீல் பேசுவது சரியாக இல்லை" என்று இருந்தது.

அதற்கப்புறம்தான் தனி பவர் ஆம்ப்ளிஃபையர் என்ற யோசனை அவருக்கு வந்தது. எங்கே படித்தாரோ, யார் சொன்னார்களோ தெரியாது. டீக்கடை பெஞ்சில் எனக்கும் வடைக்கும் வகுப்பே எடுத்தார்.

"இந்த ரிசீவர் இருக்குது பாரு, அது மூளை. எது எந்த ஸ்பீக்கருக்குப் போவணும்னு பிரிச்சிக் குடுக்கறது அதான். அதே ஆளு அஞ்சு ஸ்பீக்கரையும் தூக்கிகினு நிக்குது. ஷிப்ட் இன்சார்ஜே கோணியும் தூக்கினா வேல நடக்குமா? அதனால ரிசீவர மாத்தக் கூடாது. மூளை நல்லாத்தான் இருக்குது. பவர மட்டும் தனியா வெளிய இருந்து குடுக்கணும். ரெண்டு பெரிய ஸ்பீக்கரையும் பவர் ஆம்ப் தூக்கிக்கும். ரிசீவர் நிம்மதியா நடு ஸ்பீக்கரப் பாத்துக்கும். டயலாக் வர்றது நடு ஸ்பீக்கர்லதான்."

வடை கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரிசீவர் பெர்மனென்ட்டு. ஆம்ப்பு கான்ட்ராக்ட்டு."

"ரைட்டு. தூக்கற வேல எப்பவும் கான்ட்ராக்ட்டுதானே செய்யுது" என்றார் அண்ணன்.

ஆம்ப்பை வாங்கச் சென்னைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆம்ப் முப்பது கிலோ. பார்ப்பதற்கு ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. முன்னால் ஒரே ஒரு பொத்தான். திரும்பும்போது சேத்தியாத்தோப்பு வழியாகப் போகிற கும்பகோணம் பஸ்ஸில் ஏறினோம். அண்ணன் ஆம்ப்பை ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துத் தன் துண்டால் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

கண்டக்டர் வந்தார். "பெட்டிய எடுத்து மேல போடுங்க."

"மேல போட்ற பொருள் இல்லீங்க. இதுக்கும் ஒரு டிக்கெட் குடுங்க."

கண்டக்டர் பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். "எத்தினி கிலோ?"

"முப்பது."

"அப்ப ஆஃப் டிக்கெட் போதும்."

பண்ருட்டியில் ஒரு அம்மா பெரிய பலாப்பழத்தோடு ஏறினார். உட்கார இடமில்லை. அண்ணனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சாமி, பொட்டிக்கு ஒரு சீட்டா? மனுச நிக்கறன், பொட்டி உக்காந்துகினு வருது."

"அம்மா, உள்ள இருக்கறது பவருங்க."

"என் பழத்துலயும் பவர் இருக்குது. எடுத்து மடியில வெச்சிக்க."

அண்ணன் ஆம்ப்பை எடுக்கவில்லை, தான் எழுந்துகொண்டார். பலாப்பழமும் அந்த அம்மாவும் ஆம்ப்பும் உட்கார்ந்து வர, நெய்வேலி ஆர்ச் கேட் வரை அண்ணன் நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போது அந்த அம்மா ஆம்ப்பின் தலையில் தட்டிக்கொடுத்து, "பத்திரமா போய்ட்டு வா" என்றார்.

அடுத்த ஞாயிறு திறப்பு விழா. பிளாக்கில் பாதிப் பேருக்கு அழைப்பு. ஆம்ப்புக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. வடை தேங்காய் உடைத்தார். எல்லோருக்கும் சுண்டல். நடு சோபாவில் டீச்சர், பட்டுப் புடவையில், கொஞ்சம் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் பாயில். அன்றைய உற்சாகத்தில் நான் என் கண்ணாடியைக் கழற்றி வைக்க மறந்துவிட்டேன்.

அண்ணன் பொத்தானை அமுக்கினார். படம் ஆரம்பித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மாதிரிச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கார் ஓடினால் வயிற்றுக்குள் ஓடியது. வில்லன் சிரித்தபோது சுண்டல் தட்டு தானாக நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், என் வீட்டில், ஏதோ விழுந்து உடைகிற ஓசை கேட்டது. அது என்னவென்று எனக்கு மட்டும் தெரியும்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி. கதாநாயகன் கதாநாயகியிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்கிறான். பாட்டு இல்லை, இசை இல்லை. ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடு ஸ்பீக்கரில் அந்தக் குரல் அவ்வளவு துல்லியமாக வந்தது. என் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது டீச்சர் அண்ணன் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "என்ன சொன்னான்?"

பிளாக்கே சிரித்தது. நானும் சிரித்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணன் வசனத்தைத் திருப்பிச் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். பிறகு, காப்பி போடப் போகிறேன் என்று எழுந்து உள்ளே போனவர் படம் முடிகிறவரை வரவில்லை. அண்ணன் கடைசிவரை திரையைப் பார்க்கவில்லை. சமையல்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் கண்ணாடி நாலு துண்டாகக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் பேப்பரை எடுத்து, 'அண்டை வீட்டாரின் ஒலித் தொல்லை குறித்து' என்று ஒரு மனு எழுதினேன். நானே எழுதி, மறுநாள் ஆபீஸில் நானே வாங்கி, நானே சீல் வைக்க வேண்டிய மனு. கையெழுத்துப் போடப் போகும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

நானும் என் மனைவியும் ஒட்டுக் கேட்கவில்லை. அவர் ரகசியம் பேசிய சத்தத்துக்கு ஒட்டுக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

"நான் டிரைவ் ஹெட்ல இருவத்தெட்டு வருசமா வாயப் பாத்துப் பேசறவன். வூட்ல நீ என் வாயப் பாக்கறது எனக்குத் தெரியாதா டீச்சர்? ரெண்டு வருசமா தெரியும்."

அண்ணனே தொடர்ந்தார்.

"அதான் சிஸ்டம் சரியில்ல, பவர் பத்தலன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். சிஸ்டத்து மேல பழி போட்டா அதுக்கு வலிக்காது. நெசமாவே ஆம்ப்பு வந்தா சரியாயிடும்னு நெனச்சேன்."

டீச்சரின் குரல் உடைந்து வந்தது. "நான் காது மெஷின் வெச்சிக்க மாட்டேங்க. எங்க அம்மாவ ஊரே செவிட்டுப் பாக்கியம்னுதான் கூப்டுச்சு. செத்த வீட்லகூட அந்தப் பேரச் சொல்லித்தான் வழி கேட்டாங்க. இந்த ஊர்ல பேரு வெச்சா வெச்சதுதான். எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. பசங்க முன்னாடி செவிட்டு டீச்சரா நிக்க என்னால முடியாது."

அண்ணன், டீக்கடையில் எங்களுக்கு எடுத்த அதே வகுப்பை, அதே நிதானத்தில் ஆரம்பித்தார்.

"மெஷின்னு யாரு சொன்னா? நீ ஒரு ரிசீவர். மூளை நல்லாத்தான் இருக்குது. எது எங்க போவணும்னு பிரிச்சிக் குடுக்கறதுல உன்னாட்டம் ஒரு ஆளு இந்த டவுன்ஷிப்லயே கெடையாது. ரிசீவர மாத்தக் கூடாது. பவர் மட்டும் கொஞ்சம் பத்தல. அத தனியா வெளிய இருந்து குடுத்துட்டாப் போதும். காதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு பவர் ஆம்ப்பு. எவனாவது பேரு வெக்கறதா இருந்தா எனக்கு வெக்கட்டும். எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்குதே."

என் மனைவி என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி வைத்தார். மனுவை நான்காக மடித்தேன். பிறகு புதுக் கண்ணாடி வாங்கியபோது, ஆட்டம் காணாமல் இருக்க அதன் பின்னால் அந்தக் காகிதத்தைத்தான் அடை கொடுத்தேன்.

மறுநாள் காலையில் டீக்கடையில் வடை என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன். அண்ணன் பேசிய சத்தம் எதிர் வீட்டுக்கும் போகாமல் இருந்திருக்காது.

"நேத்து நல்ல தூக்கம் தம்பி. ஒண்ணுமே காதுல வுழல" என்றார் வடை.

"எனக்கும்ணே" என்றேன்.

பட்டப்பெயர் வைப்பதில் அந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த ஒரு பெயரை மட்டும் எங்கள் பிளாக்கில் யாரும் வைக்கவில்லை. புதுச்சேரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, டீச்சர் காதோரம் முடியை இழுத்து விட்டுக்கொண்டு வந்து இறங்கினார். வாசலில் நின்ற வடை அதைப் பார்த்துவிட்டார். முப்பது வருஷம் வடையாக வாழ்ந்தவர், ஒரு நொடி நிதானித்து, "டீச்சர், புதுத் தோடா? நல்லா இருக்குதுங்க" என்றார். டீச்சர் முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மூன்று மணி. வழக்கம்போலப் புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சுவர் அதிரவில்லை. "அண்ணன் ஊர்ல இல்லையாங்க?" என்றார் என் மனைவி. காதைச் சுவரில் வைத்தோம். ஆமாம், அன்று ஒட்டுக் கேட்டோம். படம் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் குரல் வந்தது. "எதுக்குங்க இவ்வளவு சத்தம்? குறைங்க. இன்னும் குறைங்க. ம், இப்ப சரி."

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. டீச்சர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. என் மனைவி விரலை விட்டு எண்ண உட்கார்ந்தவர், விரல் மடக்காமலே இருந்தார். டார்கெட் முடிந்தது என்று நான் எழுந்துகொள்ளப் போன நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னா சொன்னான்?"

கேட்டது அண்ணன்.

அப்போதுதான் எனக்கு டப்பிங் படக் கணக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக மனுஷன் படத்தைக் காதால் கேட்கவே இல்லை. டிரைவ் ஹெட்டில் பழகிய பழக்கத்தில் நடிகர்களின் வாயைப் பார்த்துத்தான் டீச்சருக்கு வசனம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வாயும் பேச்சும் ஒட்டாத படத்தில்தான் அவருக்குப் பவர் பத்தாமல் போயிருக்கிறது. இப்போது திரையில் எவனோ முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டான் போலிருக்கிறது. என் பிள்ளையின் அழுகையை இன்னும் ஏற்றச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்காமல் மறுபடியும் காதைச் சுவரில் வைத்தேன்.

டீச்சர் அந்த வசனத்தை, ல, ள, ழ எல்லாம் பிசகாமல், வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி திருத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

மூன்று வருஷம் கழித்து டீச்சரும், அதே வருஷக் கடைசியில் அண்ணனும் ரிட்டயர் ஆனார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பினார்கள். அந்த முப்பது கிலோவை நானும் வடையும் தூக்கி வேனில் ஏற்றினோம். இப்போது அந்த வீட்டில் புதுக் குடித்தனம். டிவி இருக்கிறதா என்றே தெரியாது. என் கண்ணாடி சுவரில் அசையாமல் தொங்குகிறது. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அன்று வேன் கிளம்புவதற்கு முன்னால் அண்ணனிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். "அண்ணே, உங்க காதுக்கும் ஒரு பவர் ஆம்ப் வாங்கிக்கிட்டா என்ன?"

என் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு தம்பி? நான் கேட்டா டீச்சர் சொல்றாங்க. அது பத்தும்."

பத்தும் என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.